காபித்தூள் பொட்டலம்

சாரம் பகுதி நீச்சல் குளத்தில் என் மகளுக்கு நீச்சல் கற்றுத்தந்த அக்காவின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய நரைமுடி. எதைக் கேட்டாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒருநாள் குளத்தின் தரையில் உடைந்திருந்த ஓடு மகளின் குதிகாலைக் கிழித்துவிட்டது. அக்கா குழாய் நீரில் காயத்தைக் கழுவி, மடித்த துணியால் அழுத்திப் பிடித்தார். நான் கேன்டீனுக்கு ஓடிக் காபித்தூள் வாங்கி வந்தேன்.

"அத காபிக்கு வச்சுக்கம்மா. புண்ணுல கொட்டாத."

"ரத்தம் நின்னுச்சான்னு பாக்கலாமாக்கா?"

"எடுத்து எடுத்துப் பாத்தா எப்படி நிக்கும்? பத்து நிமிஷம் ஆவட்டும்."

பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"வீட்டுக்குப் போலாமாக்கா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரத்தம் நின்னாப் போதுமா? புண்ணு வாய் பொளந்து கெடக்கு பாரு. தையல் போடணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. இவளுக்கு ரணஜன்னிக்குப் போடுற டிடி ஊசி எப்பப் போட்டதுன்னு கேப்பாங்க, யோசிச்சு வச்சுக்க."

நான்கு தையல் போட்டார்கள். அதுவரை பொட்டலம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

எதையும் இரண்டு முறை யோசிப்பவள் நான். அன்று பெயர்கூடத் தெரியாத அக்கா சொன்னதும் ஏன் ஒருமுறைகூட யோசிக்காமல் ஆட்டோ ஏறினேன் என்பது இன்னும் புரியவில்லை.