ராக்கெட்டுக்குக் கேட்ட சத்தம்

அந்த மொத்தத் துணிக் கிடங்கின் சரக்கு லிஃப்ட் ஆமை வேகத்தில்தான் ஏறும். அதை ஓட்டுகிறவனுக்கு லோடுமேன்கள் 'ராக்கெட்' என்று பெயர் வைத்ததற்கு வேறு காரணம் கிடையாது. பெயர் வைத்தவன் அவர்களில் 'மீசை' என்கிற ஆள். மீசைக்கு இப்போது மீசை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்ததை யாரோ கிண்டல் செய்ய, மறுநாளே மழித்துவிட்டு வந்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

லிஃப்ட் என்றால் நாலு பக்கமும் கண்ணாடி பளபளக்கும் லிஃப்ட் அல்ல. மூன்று பக்கம் இரும்புத் தகடு, முன்னால் ஒரு இழுப்புக் கதவு, கதவை ஒட்டி ஒரு பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் ஏறும், இடப்பக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். எந்த மாடியில் நிறுத்தினாலும் தரையும் பெட்டியும் ஒரே மட்டமாக நிற்கும்படி நிறுத்த ராக்கெட்டை விட்டால் ஆள் இல்லை. தள்ளுவண்டியின் சக்கரம் துளிகூடத் தட்டாமல் உருண்டு வெளியே போகும். அவன் விடுப்பு எடுத்த நாட்களில் வேறு யாராவது ஓட்டினால், வண்டி தடுக்கி மூட்டை சரிந்து, மாடிக்கு மாடி வசவு கேட்கும்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது குழாயடியிலேயே சுருண்டு விழுந்தான். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தபோது பேச்சு தெளிவாக இருந்தது, நடை பழையபடி இருந்தது. இடது கையில் மட்டும் கொஞ்சம் பலம் குறைவு. பெரிய கண்டம் தாண்டியாயிற்று என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில், வாசல் கதவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தம் வந்தது. நன்றாகவே கேட்டது. ஆனால் அது எதனுடைய சத்தம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்ததா, தெருவில் வண்டி போகிறதா, சமையலறையில் மிக்சி ஓடுகிறதா? எதுவாகவும் இருக்கலாம் போலிருந்தது. சத்தம் நின்றது, மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு அவன் மனைவி ஓடிவந்து கதவைத் திறந்தாள். வெளியே கையில் சாப்பாட்டுக் கூடையோடு அவன் அக்கா நின்றிருந்தாள்.

"எவ்வளவு நேரமாடா தட்டுறது? வாசல்லயே உக்காந்துக்கிட்டு என்ன தவம் பண்றியா?"

"கேட்டுச்சுக்கா."

"கேட்டா தொறக்கறதுக்கென்ன?"

"கதவு தட்டுற சத்தம்னு தெரியல."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில படுத்துச் சுகம் கண்டுட்டாரு அண்ணி. எந்திரிக்கச் சோம்பேறித்தனம், அதுக்கு ஒரு கதை."

அக்கா சிரிக்கவில்லை. அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள். பிரிந்த நூல் ஒன்று தெரிந்தால் அது எங்கிருந்து பிரிந்தது என்று பார்க்காமல் விடமாட்டாள். தம்பியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். சிறுவயதிலிருந்தே அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கவில்லை.

முதலில் காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்த சின்ன அறை. கனமான கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஊசி விழுந்தாற்போன்ற சத்தத்துக்கும் அவன் அழுத்தினான்.

"இந்த வயசுல இப்படி ஒரு காதைப் பாக்குறதே கஷ்டம். அவ்வளவு நல்லா இருக்கு" என்றாள் பரிசோதித்த பெண்.

நல்ல சேதிதான். ஆனால் அதோடு வீட்டில் அவன் பேச்சு எடுபடாமல் போயிற்று. செவிடு என்றால்கூட மனைவி நம்பியிருப்பாள். காதும் கேட்கிறது, பேசினால் புரிகிறது, கதவு தட்டினால் மட்டும் தெரியாதாம். இதை அவள் யாரிடம் போய்ச் சொல்ல? ராக்கெட்டுக்கோ அந்தப் பஞ்சு அறையின் கதவு இன்னும் திறக்கவே இல்லை போலிருந்தது.

அக்கா விடவில்லை. மூளை டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு மேசைமேல் படங்களைப் பரப்பினார்: நாய், மணி, ரயில், குழந்தை, மழை, கைதட்டுகிற கூட்டம். பிறகு கணினியில் ஒவ்வொரு சத்தமாகப் போட்டு, அதற்குரிய படத்தைத் தொடச் சொன்னார். நாய் குரைத்தபோது அவன் விரல் மணிக்கும் ரயிலுக்கும் நடுவே அலைந்தது. கைதட்டலுக்கு மழையைத் தொட்டான். குழந்தை அழுதபோது எதையும் தொடாமல் டாக்டரைப் பார்த்தான். ஆனால், "ரயில் படத்தைத் தொடுங்க" என்று அவர் தணிந்த குரலில் சொன்னவுடன் தொட்டுவிட்டான்.

"இவர் நடிக்கல" என்றார் டாக்டர். பின்னால் நின்ற மனைவி தலை குனிந்துகொண்டாள்.

அவர் சொன்னது இதுதான். காது வெறும் வாசல். சத்தம் வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகு, இது இன்னார் என்று அடையாளம் சொல்வது மூளை. அப்படி அடையாளம் சொல்கிற இடம் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் முன்பு எப்போதோ அவனுக்கே தெரியாமல் அடிபட்டு ஆறியிருக்கிறது. இந்தத் தடவை மறுபக்கமும் அடிபட்டுவிட்டது. பேச்சைப் புரிந்துகொள்கிற பகுதி மட்டும் தப்பித்துக்கொண்டது. 'ஆடிட்டரி அக்னோசியா' என்று அதற்குப் பெயர். அரிதாக வருவது.

"சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"கொஞ்சம் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். கண்ணை நல்லாப் பயன்படுத்தச் சொல்லுங்க."

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே வந்து வீடு முழுவதும் சுற்றி, ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளம் தேடினாள். கதவைத் தட்டினால் தாழ்ப்பாள் லேசாக அதிரும்; அதில் சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். குக்கருக்கு ஆவி. போனுக்குத் திரை வெளிச்சம். குழாய் திறந்திருந்தால் வாளியில் நீர் ஏறும்.

"இனிமே காதை நம்பாத, கண்ணை நம்பு" என்றாள்.

"பின்னாடி ஒண்ணு நடந்தா?"

"பின்னாடி பொண்டாட்டி இருக்கா. அவ போடுற சத்தம் பேச்சுதானே, அது உனக்கு நல்லாவே புரியுமே."

மனைவியே சிரித்துவிட்டாள்.

வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோதுதான் பேச்சு முற்றியது. கிடங்கில் முழுசாகச் சொல்லிவிடு என்றாள் அக்கா. அவன் மறுத்தான்.

"மூளைன்னு வாயெடுத்தாலே வீட்டுக்குப் போன்னுடுவாங்கக்கா. காது மந்தம்னு சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இந்தக் கையை வச்சுக்கிட்டு மூட்டை தூக்க முடியுமா? லிஃப்ட்டை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

லிஃப்ட் போனால் தானும் இல்லை என்பதுதான் அவன் பேச்சின் பொருள். காது மந்தம் என்றே சொன்னார்கள். மேனேஜரும் துருவிக் கேட்கவில்லை. மாடிகளிலிருந்து அழைக்கும் மணியோடு சேர்த்து, கைப்பிடிக்கு மேலே மாடிக்கு ஒன்றாகச் சின்ன பல்புகளை எலக்ட்ரீஷியன் பொருத்திக் கொடுத்தான். பல்பு எரிந்தால் அந்த மாடிக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பெட்டிக்குள் நின்றவனுக்கு மட்டும் தீரவில்லை. முன்பு அந்தப் பெட்டியில் கயிறு முனகுவது ஒரு மாதிரி, பிரேக் பிடிப்பது ஒரு மாதிரி, மேலே மோட்டார் மூச்சு வாங்குவது ஒரு மாதிரி. ஒவ்வொரு சத்தமும் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு வரும். இப்போது எல்லாம் முக்காடு போட்டுக்கொண்டு வந்தன. அதில் எது வழக்கமானது, எது ஆபத்து? இழுப்புக் கதவைச் சாத்தியதும் நெஞ்சுக்குள்ளும் ஏதோ சாத்திக்கொண்டது. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, கண்ணை அகல விரித்துக்கொண்டு, சுவரும் மாடியும் மெல்லக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

சந்தேகம் வந்தால் நிறுத்தினான். ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றபோது மீசை கேட்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"ஒரு சத்தம் கேட்டுச்சு."

"என் வயித்துச் சத்தம்டா அது. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஓட்டு."

மற்றவர்கள் அவ்வளவு பொறுமையாக இல்லை. "ராக்கெட்டுக்கு எண்ணெய் தீந்துபோச்சுடோய்!" என்று மாடிக்கு மாடி கத்தினார்கள். கீழே லாரிகள் காத்து நின்றன. மேனேஜர் ஒருநாள் லிஃப்ட் வாசலுக்கே வந்துவிட்டார்.

"யோவ், இது என்ன பஸ்ஸா, நினைச்ச இடத்துல நிறுத்தறதுக்கு? இன்னொரு தடவை நடுவுல நிறுத்தினே, அப்படியே இறங்கிக்க."

அதற்குப் பிறகு அவன் நிறுத்துவதில்லை. எந்தச் சத்தம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

அன்று மேல்மாடிக்குப் பெரிய சரக்கு. பின்சுவரை ஒட்டி நின்றபடி, இறுகக் கட்டிய துணி மூட்டைகளான பேல்களை மீசை அடுக்கினான். முன்பக்கமும் அடுக்கிக் கூரைவரை நிரப்பிவிட்டார்கள். மீசை நிற்கப் பின்னால் ஓர் ஆள் இடம், ராக்கெட் நிற்க முன்னால் ஓர் ஆள் இடம். நடுவே துணி மலை.

"ஏத்துடா ராக்கெட்! நிலாவுக்கே போய்ட்டு வந்துடலாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இவன் கைப்பிடியைத் தள்ளினான்.

பாதி வழியில் ஒரு சத்தம் தொடங்கியது. தகட்டில் படுவது போலவும் இருந்தது, தகடே அல்லாதது போலவும் இருந்தது. விட்டு விட்டு வந்தது. கயிறா, மேலே மோட்டாரா, யாராவது வண்டியை உருட்டுகிறார்களா? திரும்பிப் பார்த்தால் துணி மூட்டைதான் தெரிந்தது. கை தானாக நடுவுக்கு வந்தது. கீழே மேனேஜர் நிற்பது நினைவுக்கு வந்தது. கையை மறுபடி வலப்பக்கம் தள்ளினான்.

"மீசை, என்னடா சத்தம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கிண்டல் வரும் என்று பேசாமல் இருந்துவிட்டான். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மேல்மாடி வருமுன் நின்றே போனது. நல்லவேளை, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மூட்டைகளை இறக்கியவர்கள் அலறினார்கள். மேலிருந்து சரிந்த ஒரு பேல் மீசையின் நெஞ்சைச் சுவரோடு வைத்து அழுத்தியிருந்தது. கத்த மூச்சில்லாமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கையால் தகட்டை அடித்து அடித்து விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

உயிர் போகவில்லை. விலா எலும்புகள் முறிந்திருந்தன. மீசை ஒழுங்காக அடுக்காததே காரணம் என்று ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். குணமாகி வந்தாலும் இனி அவனுக்கு அங்கே வேலை இருக்காது என்று பேசிக்கொண்டார்கள். ராக்கெட்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காது மந்தமான ஆள், அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

"அதான் யாரும் கேக்கலையே. நீங்களா எதுக்கு வாயத் தொறக்கறீங்க?" என்றாள் மனைவி.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, காலர் மடங்கியிருந்ததை மட்டும் அக்கா சரிசெய்து அனுப்பினாள்.

வார்டில் மீசை முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். "வாடா. நிலாவுக்கு டிக்கெட் எடுத்தா இங்க கொண்டாந்து இறக்கிட்ட" என்றான் மெல்லிய குரலில்.

ராக்கெட் உட்காரவில்லை. "நீ தட்டினது கேட்டுச்சு."

"என்ன?"

"எனக்குக் காது மந்தம் இல்லடா. எல்லாம் கேக்குது. என்ன சத்தம்னுதான் தெரியமாட்டேங்குது. தலைக்குள்ள அடிபட்டதுல அப்படி ஆயிடுச்சு. நீ தட்டத் தட்டக் கேட்டுக்கிட்டேதான் ஓட்டினேன்."

மீசை அவனையே பார்த்தான். பிறகு வலியோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. அது சிரிப்பா, அழுகையா, இருமலா, வலியின் முனகலா என்று ராக்கெட்டுக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தால் சொல்லிவிடலாம். முகமோ அந்தப் பக்கம் இருந்தது. எட்டிப் பார்க்கவும் துணிவில்லை, போகவும் கால் வரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றான். அந்தச் சத்தம் ஓய வெகுநேரம் ஆயிற்று.

சுவரைப் பார்த்தபடியே மீசை பேசினான். "இதைப் போய் அங்க சொன்னா உன்னை லிஃப்ட் பக்கமே விடமாட்டாங்க."

"தெரியும்."

"அப்ப போய்ச் சொல்லு. நான் ஒழுங்காத்தான்டா அடுக்கினேன்."

மறுநாள் காலை ராக்கெட் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுபோய் மேனேஜரின் மேசைமேல் வைத்தான். தட்டியபோதே நிறுத்தியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, தவறு தன்னுடையது என்று நடந்ததைச் சொன்னான். மேனேஜர் பாதியிலேயே சிரித்தார்.

"காது கேக்குமாம், சத்தம் தெரியாதாம். சிநேகிதனைக் காப்பாத்த இப்படி ஒரு கதையா? சரி, கண்ணை மூடு பாப்போம்."

மூடினான்.

"இது என்ன?"

ஒரு சத்தம் வந்தது. "தெரியல சார்."

"இது?"

"தெரியல சார்."

சுற்றிலும் என்னென்னவோ சத்தங்கள் சேர்ந்தன. ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. "அதை ஆட்டிக் காட்டு சார்." "டேய், இதை இழு." ஒவ்வொருவரும் ஒன்றைத் தட்டினார்கள், உருட்டினார்கள், உரசினார்கள். யாரோ காதருகில் எதையோ செய்தார்கள். அவன் அசையவில்லை. கண்ணைத் திறந்துவிட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் திறந்தால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் மீசையின் பெயர் ஆபீசில் எழுதிய அந்தக் காகிதத்தில் அப்படியே இருக்கும்.

"தெரியல சார்" என்றான் மறுபடியும். இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டு, அடுத்த சத்தத்துக்காக நின்றான்.