அண்ணன் எடுத்த அந்தச் சாட்சிப் படம்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் சபையாருக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது குமாரபாளையத்தில். அப்பா விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. அண்ணன் ஒருவர்தான் மெதுவாகப் பேசுவார். அப்பா நெஞ்சு நோயில் படுத்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் வேலைக்குப் போனார். லைட் பிடித்தவர் கேமரா பிடித்தார், எடிட்டிங்கும் கற்றுக்கொண்டார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் என்று அவர் வீடியோ எடுக்காத மண்டபம் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே நிற்கும் பெரியவர்களிடம், "ஏனுங் மாமா, நாளைக்குப் போட்டுப் பாத்தா உங்க முதுகுதானுங்க தெரியும்" என்று பணிவாகச் சொல்லியே நகர்த்திவிடுவார். அவர் எடுத்த வீடியோக்களில் முகத்தைவிடக் கைகள்தான் அழகு என்பார்கள். மருதாணிக் கை, வெற்றிலை மடிக்கும் கை, பந்தியில் பரிமாறும் கை என்று ஒவ்வொன்றையும் கிட்டத்தில் போய் எடுப்பார். அதற்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு.

ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், வெளிநாட்டு ஊழியத்துக்குப் பிரசங்கிக்க ஆள் இருக்கிறது, படம் எடுக்க ஆள் இல்லை என்று ஒரு மிஷனரி பேசினார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அம்மாவுக்கு மனசே ஆகவில்லை. "ஒரு கண்ணாலங்கூடப் பண்ணாம கண்காணாத சீமைக்குப் போறயே சாமி" என்று அழுதார். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவர் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனார்.

எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. ஏன் என்பது பின்னால் புரியும். அங்கே வெளிப்படையாகக் கூட்டம் நடத்த முடியாது. வேதாகமக் கதைகளை அந்த மக்களின் மொழியிலேயே சின்னப் படங்களாக எடுத்து, மெமரி கார்டில் போட்டுக் கைக்குக் கை கொடுப்பார்கள். அந்த ஊர் மேய்ப்பர்களையே அண்ணன் நடிக்க வைத்தார். நல்ல மேய்ப்பன் காட்சி எடுத்த அன்று ஆடுகள் மேய்ப்பனை விட்டுவிட்டுத் தன் பின்னால் வந்துவிட்டன என்று போனில் சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர்ச் சகோதரி ஒருவர், தாம் மனந்திரும்பிய கதையைச் சொன்ன சாட்சியைப் படம் எடுத்தார். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது வீட்டுக்குத் தெரிந்தால் அவருக்கு ஆபத்து. அதனால் முகம் காட்டக் கூடாது என்பது கட்டளை. அண்ணன் முகத்தைக் காட்டவில்லை. குரலையும் மாற்றிவிட்டார். ஆனால் பேச்சு ஓடும்போது திரையில் ஏதாவது தெரிய வேண்டுமே. அந்தச் சகோதரி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே பேசினார். கல்யாண வீடியோ எடுத்த பழக்கம், அண்ணன் கிட்டே போய்க் கைகளை எடுத்தார். இடது மணிக்கட்டில் அடுப்புச் சுட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுவதைப் பார்த்து அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தினாராம்.

வீட்டுக் கூட்டங்களுக்கென்று எடுத்த படம் அது. பார்த்த யாரோ ஆசைப்பட்டு இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். அந்தச் சகோதரியின் வீட்டார் கண்ணில் பட்டது. கூடப் பிறந்தவர்களுக்குக் கை தெரியாதா? அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் அந்தத் தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போனார். இப்படிப் போனால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லி ஊழியத்தார் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர் கல்யாண வீடியோ பக்கமே போகவில்லை. ஆட்டையாம்பட்டியில் சின்னக் கடை வைத்து பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எடுத்தார். ஆனால் அந்தப் படம் அவருக்கு முன்பே இங்கே வந்துவிட்டிருந்தது. ஆலயங்களில் திரை கட்டிப் போட்டார்கள். நம்ம சேலத்துத் தம்பி எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பினார்கள். அண்ணன் சபை சபையாகப் போய் அழிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு போதகர் அவரை உட்காரவைத்து, "இதப் பாத்து எத்தன பேரு மனந்திரும்பியிருக்காங்க, தெரியுங்களா தம்பி?" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"தெரியுங்கய்யா," என்றார் அண்ணன். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குதுன்னு தெரியுங்களா?"

போதகர் நல்லவர்தான். அண்ணனுக்காக ஜெபம் பண்ணினார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தால் அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா அதற்கப்புறம் சப்பாத்தியே போடவில்லை. ஒருநாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பின்னாலேயே நடந்துவிட்டார். கூட்டம் கூடி, அடி விழ இருந்த நேரத்தில் நான் ஓடிப்போய்க் கும்பிட்டுக் கேட்டு அழைத்துவந்தேன். "கையப் பாத்தாப் போதும் கண்ணு, வேறொண்ணும் வேண்டாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், ஊசி போட வரும் நர்சுகளின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, தாங்களாகவே கையை நீட்டினார்கள். பிறகு கதவையே பார்க்க ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு வெளிய நிக்குது கண்ணு, கதவத் தொற" என்பார். அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் போய்த் திறந்தேன். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிர் பிரிந்த பிற்பகலிலும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

அடக்க ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரர் ஒருவர் கண்ணீரோடு போனை என் கையில் கொடுத்தார். "பாரு சாமி, உங்கண்ணன் பண்ணுன ஊழியத்த" என்றார். அண்ணன் எனக்கு ஒருமுறைகூடக் காட்டாத படம் அது. மாவு பிசையும் இரண்டு கைகள். அவ்வளவு அழகாக ஒரு கையை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கேமரா தழும்பை நெருங்கியதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், முகம் சுளிக்காமல் பெட்டியைச் சுமந்த தம்பிமார்களுக்கும், அவர் கேட்டதும் படத்தை அழித்துவிட்ட ஒன்றிரண்டு சபைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் போனில் அந்தப் படம் இருக்கும். அண்ணன் ஞாபகமாக வைத்திருப்பீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும்போதே அதை அழித்துவிடுங்கள், இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். இனிமேல் அழித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். அந்தச் சகோதரி எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தான் கேட்கிறேன்.