ரோதைக்கு நான் போட்ட எண்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் கடைசியாக மிஞ்சியவை மூன்று: நாங்கள் இருந்த லயம் என்ற வீட்டு வரிசை, மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை, அதற்குக் காவலாக என் அப்பா. மற்றவர்கள் கொழும்புக்கும் நோர்வூட்டுக்கும் போய்விட்டார்கள். தேயிலை மலை காடாகிவிட்டது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆடுகள் படுத்திருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, லிந்துலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று எங்கள் ரோதையை, அதாவது கொழுந்து அரைக்கும் இயந்திரத்தை, வாங்கி லொறி அனுப்பியது. போல்ட்டுகள் துருப்பிடித்திருந்ததைப் பார்த்த, லொறியில் வந்த போர்மன் உதட்டைப் பிதுக்கினார்.

"பொழுது சாயுறதுக்குள்ள கழலாட்டி வெட்டி இரும்புக்குத் தள்ளிருவோம்ணே."

"வெட்ட வேணாங்க. பதினாறு வருசம் நான் எண்ணெ போட்டது. கழட்டித் தாரேன்," என்றார் அப்பா.

அவரோடு வந்திருந்த வெல்டர் சிரித்தார். "இது கழண்டுச்சுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்."

அம்மா என் காதில் சொன்னது வேறு: "முழுசா போச்சுன்னா அங்க திரும்பச் சேத்துப் பூட்டிக் குடுக்க ஒங்கப்பாவத்தான் கூப்பிடுவாங்க. அப்பிடியே வேலைக்கும் வச்சுக்குவாங்க."

ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்த பிறகே அப்பா ஸ்பானரைத் தொட்டார். இயந்திரத்தைக் காக்கும் சாமி அவர். கேட்காமல் கழற்றினால் விரலை எடுத்துவிடுவாராம். மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் தட்டத் தட்ட, போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. காலில் இடறிக்கொண்டிருந்த என்னிடம் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தந்து கழற்றிய துண்டுகளில் நம்பர் மட்டும் போடச் சொன்னார். நான் அதோடு நிற்கவில்லை. எந்தத் துண்டு எதன் மேல், எந்த போல்ட் எந்தத் துளையில், எது முதலில் என்று அப்பியாசக் கொப்பியில் படத்தோடு குறித்தேன். மொத்தம் நாற்பத்தொரு துண்டுகள். நாலு மணிக்கே முடிந்துவிட்டது.

"மீசை எப்பங்க?" என்று அம்மா கேட்டார். வெல்டர் லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

போர்மன் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "பாப்பா, இத நான் கொண்டு போறேன். அண்ணே, இது இருந்தா எங்க பயலுகளே பூட்டிருவாங்க. நீங்க அலைய வேணாம்."

கொப்பி லொறியின் முன் சீட்டில் ஏறிப் போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு மாதத்தில் ரோதை அங்கே ஓடத் தொடங்கியது. அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்: "எம்மக போட்ட நம்பர்லதான் ஓடுது. ஒரு போல்ட் மாறல." நான் இன்று இயந்திரவியல் படித்து வேலை பார்க்கிறேன்; ஆனாலும் அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா மட்டும் விறகு எடுக்கவென்று வெளியே போய்விடுவார். இவ்வளவு பெருமையான கதையைக் கேட்க அவருக்கு ஏன் பொறுமையில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை.