தரையில் கிடந்து கேட்ட ஜெபம்

தொண்ணூறுகளின் நடுவில், போர் நடந்த காலத்தில், நாங்கள் கிழக்குக் கரையில், பாலையூற்று என்ற ஊரில் குடியிருந்தோம். எனக்குக் குடல் அழற்சி நோய். மருந்தினால் வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்கும் குறைந்தன. களைப்பு மட்டும் போகவில்லை. முகம் கழுவினாலே உட்கார வேண்டும். நித்திரை கொண்டு எழும்பினாலும் உடம்பு கனத்தது. நகரில், ஓர்ஸ் ஹில் பகுதியில் நான் வேலை செய்த அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

"வயித்தாலை போறது நிண்டிட்டுதெல்லோ? இன்னும் என்னத்துக்குப் படுத்திருக்கிறீர்?" என்று கணவர் கேட்பார். நான் சோம்பேறியோ என்று எனக்கே பயம் வந்தது.

ஒரு நாள் காலை, கணவர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிறகு, இராணுவம் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தது. எல்லாரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீட்டில் தங்கினால் சந்தேகப்படுவார்கள். எழும்பினேன். கால் மடிந்து தரையில் விழுந்தேன். வெளியே சிப்பாய்களின் சப்பாத்துச் சத்தம் வீடு வீடாக நெருங்கியது.

"ஆண்டவரே, மைதானம்வரை நடக்க மட்டும் பலம் தாரும்" என்று அழுதேன். பலம் வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, பரீதா ராத்தா வந்தார். பிள்ளைகளை முன்னுக்கு அனுப்பிவிட்டு எனக்காகத் திரும்பியிருந்தார்.

"என்ட தோளப் பிடிங்க புள்ள."

"ஏலாது ராத்தா. நீங்கள் போங்கோ."

"உங்கள விட்டுட்டு எப்பிடிப் போற?"

என்னைத் தாங்கியபடியே நடந்தார். மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது கண் இருண்டு விழுந்தேன். நடிக்கிறேன் என்று ஒரு சிப்பாய் கத்தினான். ராத்தா நடுவில் வந்து நின்றார். அவன் கத்தக் கத்தவும் விலகவில்லை. அப்போது இராணுவ மருத்துவ உதவியாளர் ஒருவர் வந்து என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இரத்தம் இல்ல. ஆஸ்பத்திரி போகணும்" என்று தெரிந்த தமிழில் சொல்லி, வாகனத்தில் ஏற்றி அனுப்பினார்.

அங்கே இரத்தம் ஏற்றினார்கள். செய்தி கேட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த கணவரை டாக்டர் அம்மா கூப்பிட்டார். "இது சோம்பல் இல்லை. உள்ளுக்குப் புண் இன்னும் ஆறேல்லை, இரத்தமும் குறைஞ்சு போச்சு. இந்த நோயோடை வாற களைப்பு படுத்தெழும்பினாலும் போகாது." கணவர் என் கட்டிலருகே நின்று அழுதார்.

நோய் இன்னும் இருக்கிறது. களைப்பு வரும் நாட்களில் கணவர் குசினியில் சமையலைப் பார்த்துக்கொள்கிறார். நான் வெட்கப்படாமல் படுக்கிறேன். பரீதா ராத்தாவின் பெயரைச் சொல்லாமல் நான் ஜெபம் முடிப்பதில்லை.

அன்பானவர்களே, எழும்ப முடியாமல் கிடக்கிறீர்களா? "ஏலாது" என்று கர்த்தரிடம் அப்படியே சொல்லுங்கள். நான் கேட்ட விதமாக அவர் தரவில்லை. ஆனால் எனக்காக ஒருவரைத் திரும்பி வரவைத்தார்.