மதுரைக் கோபுரம் பஸ் ஏறிய கதை

போட்டோ பிடிக்கிறவனிடம் யாரும் தன் முகத்தைக் கேட்டு வருவதில்லை; அதைவிடக் கொஞ்சம் நல்ல முகத்தைத்தான் கேட்டு வருகிறார்கள். கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. உங்களிடம் சட்டை தைக்க வந்தவர் தொப்பையைப் பற்றிப் பொய் சொன்னார். என்னிடம் வந்தவர் மூக்கைப் பற்றிப் பொய் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அட்டன் பஸாரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ. கூரையில் பாதி கண்ணாடி. வெயில் அடித்தால் படம், மூடுபனி இறங்கினால் அரட்டை. இந்தியாவுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் தீவு சுதந்திரம் வாங்கிய சூட்டோடு, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷமே, பிரஜையாக வேண்டுமானால் மனுப் போடுங்கள் என்று இன்னொரு சட்டம் வந்தது. வீட்டில் இருந்தவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, "உள்ளே வர விருப்பமா?" என்று கேட்கிற மாதிரி. மனுவுக்குப் படம் வேண்டுமா வேண்டாமா என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இருந்தால் நல்லது என்று தொழிற்சங்கத் தலைவர்கள் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் வயிறு இருக்கிறது.

வெள்ளைத் துணி வேண்டாம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆண்டியப்பனும் அவர் மனைவி மீனாச்சியும் மூன்று பிள்ளைகளோடு வந்தார்கள். இரண்டு பேரும் அந்தத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டிலேயே பிறந்தவர்கள். ஆண்டியப்பனின் அப்பாவை அங்கேதான் பதினோராம் நம்பர் மலைக்குக் கீழே புதைத்திருக்கிறது. இந்தியாவை அவர்கள் சினிமாவில் மட்டும் பார்த்திருந்தார்கள். பிரஜாவுரிமை கிடைக்காவிட்டால் ஓட்டு இல்லை. அதுகூடப் பரவாயில்லை. நாளைக்கு யாராவது கப்பலில் ஏறு என்றால் ஏறத்தான் வேண்டும். அதுதான் மீனாச்சிக்குப் பயம். வந்ததிலிருந்து மூன்று தடவை அதையே சொன்னாள்.

சர்க்கார் காரியமாயிற்றே என்று பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டினேன். மீனாச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய் நின்றுவிட்டாள். அங்கேதான் எங்கள் ஸ்டூடியோவின் பெருமையான திரை தொங்கிக்கொண்டிருந்தது: மதுரை மீனாட்சி கோயில் கோபுரம். அதை வரைந்த பெயிண்டர் மதுரையைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவர் காலண்டரைப் பார்த்து வரைந்தார். காலண்டரில் தெளிவில்லாத சிலைகளுக்கெல்லாம் தன் மைத்துனரின் முகத்தைப் போட்டுவிட்டார். ஆனாலும் மலைநாட்டில் அந்தத் திரைக்கு இருந்த மதிப்பு எனக்கு இல்லை. கல்யாணமா, காதுகுத்தா, கங்காணி வேட்டி மாற்றினாரா, எல்லாவற்றுக்கும் கோபுரம்தான். "மனுவுக்கு வெள்ளைதானம்மா நல்லது" என்று இழுத்தேன். மீனாச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளத் துணிக்கு முன்னால வச்சு எடுக்க நாங்க என்ன செத்தா போயிட்டோம், மொதலாளி?"

இது எந்த ஊர்?

விசாரணைக்குக் கூப்பிட்டு அனுப்ப நெடுங்காலம் ஆனது. போய்விட்டு நேரே என் மாடிக்குத்தான் வந்தார் ஆண்டியப்பன். குரலில் சுரத்தே இல்லை. நடந்தது இதுதான். விசாரணைத் துரை ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டிருக்கிறார். "இடையில் இந்தியாவுக்குப் போனதுண்டா?" இல்லை. "மனைவி?" இல்லை. "பிள்ளைகள்?" இல்லவே இல்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் துரை மனுவோடு வைத்திருந்த படத்தை எடுத்து, குடும்பத்துக்குப் பின்னால் நின்ற கோபுரத்தில் விரலை வைத்து, இது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்.

ஆண்டியப்பன் எழுந்து நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, "மதுரை மீனாச்சிங்க" என்று பயபக்தியோடு சொல்லியிருக்கிறார். துரை எழுதிக்கொண்டார். இந்தியாவுக்குப் போகவே இல்லை என்றவன் குடும்பத்தோடு மதுரைக் கோயில் வாசலில் நின்று படம் எடுத்திருக்கிறான். அதுவும் சிரித்துக்கொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் காமிராவின் கறுப்புத் துணியைத் தூக்கி எறிந்தேன். "யோவ், அது துணிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?" என்று கத்தினேன். ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தார். "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா சாமிய வெறுந்துணின்னு சொல்ல நாக்கு வரலீங்களே."

கோபுரம் சாட்சி சொன்னது

மறுவிசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொன்னார்கள். நானும் சாட்சி. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, திரையைக் கழியோடு சுருட்டிக் கட்டி, ஆண்டியப்பன் முன்னால், நான் பின்னால், மீனாச்சி நடுவில் ஒரு கை கொடுக்க, பிரேத ஊர்வலம் போல பஸ்ஸுக்குத் தூக்கிப் போனோம். சாமான் கூரைக்குப் போகட்டும் என்றார் கண்டக்டர். கோயிலைக் கூரையில் கட்டி மழையில் நனைய விடுவதா என்று மீனாச்சி பிடித்த சண்டையில் பஸ்ஸே இரண்டு கட்சியானது. கடைசியில் கோபுரம் உள்ளேயே வந்தது. ஆறு பேருடைய மடியில் படுத்துக்கொண்டு சுகமாக வந்தது. நான் மட்டும் வழியெல்லாம் நின்றுகொண்டு வந்தேன்.

துரையின் கந்தோரில், அவர் மேசைக்கு முன்னால் திரையை விரித்துப் பிடித்தோம். வாசலில் நின்ற சிங்களப் பியூன் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துக் கும்பிட்டார். ஆகா, நம் பக்கம் காற்று அடிக்கிறது என்று நினைத்தேன். துரை எழுந்து வந்து கோபுரத்தைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பின்னால் போய்ச் சுற்றிப் பார்த்தார். துணிதான் என்று அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. உட்கார்ந்து, பைப்பைப் பற்ற வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கோயில் இஞ்சை வந்தது உண்மைதான் எண்டு துரை ஒத்துக்கொள்ளுறார். இந்த ஆக்கள் அங்கை போகேல்லை எண்டதுக்கு என்ன சாட்சி எண்டு கேக்கிறார்."

தீர்ப்பு

மனு தள்ளுபடி. காரணம் என்ன என்று அந்தக் காகிதத்தை நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தார் ஆண்டியப்பன். சமர்ப்பித்த ஆதாரங்கள் திருப்தியாக இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. போகாத இடத்துக்குப் போகவில்லை என்று எப்படி நிரூபிப்பது? தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். என் மனுவும் அதே மாதத்தில் அதே மாதிரித் தள்ளுபடியாகியிருந்தது. நான் பிறந்தது இதே மலைநாட்டுக் கந்தப்பளை. என் படத்தில் பின்னால் கோபுரம்கூட இல்லை, வெறும் சுவர். ஆகவே மீனாச்சி வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றிருந்தாலும் கதை இப்படித்தான் முடிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னேன். மோசமான ஆறுதல்தான். கையில் வேறு ஒன்றும் இல்லை.

மீனாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இனி யாராவது ஏறு என்றால் ஏற வேண்டியதுதானே என்றாள். ஆண்டியப்பன் கோபுரத் திரையைக் காட்டி என் பக்கம் திரும்பினார். "துணி துணிதான்னு அந்த தொர ஒத்துக்கிட்டாரு. ஆளு ஆளுதான்னு ஒத்துக்கலியேங்க."

பேக்கரி முதலாளி

ஐம்பத்தெட்டாம் வருஷம் தமிழர்களை அடித்த கலவரம் எங்கள் பஸாருக்குச் செய்தியாகத்தான் முதலில் வந்தது. செய்திக்குப் பின்னால் ஒரு லொறி நிறைய ஆட்கள் வருகிறார்கள் என்று இன்னொரு செய்தி வந்தது. தமிழ்க் கடைகளெல்லாம் மூடியாயிற்று. நான் மாடியில், மேசைக்குக் கீழே. கீழ்க்கடைச் சிங்களப் பேக்கரிக்காரர் பொடிசிங்கோ முதலாளி, மாவு படிந்த பனியனோடு எங்கள் மாடிப்படியின் முதல் படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை சரியில்லை. அவர் அடுப்புப் புகை என் கண்ணாடிக் கூரையில் படிகிறது என்று நான் நகரசபைக்குப் புகார் கொண்டு போனவன்.

வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். மேலே இருப்பது யார் கடை என்று கேட்டார்கள். தமிழன் கடைதான், என்ன இப்போது என்றார் முதலாளி. ஒருவன் கையில் பெட்ரோல் டின் வைத்திருந்தான். முதலாளி எழுந்திருக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மேசைக்குக் கீழே இருந்த எனக்கு அவர் சிங்களம் எழுத்துத் தவறாமல் கேட்டது: "என் கல்யாணப் படத்து நெகட்டிவ் மேலே இருக்கிறது, அதை எரித்தால் என் மனைவியை மறுபடியும் சிரிக்க வைத்துப் படம் எடுக்க உன்னால் முடியுமா?"

சமாதானக் கமிட்டி

நிலைமை அடங்கியதும் பஸாரில் ஒரு சமாதானக் கமிட்டி முளைத்தது. சண்டை நடந்தபோது கண்ணில் படாத பெரிய மனிதர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். முதல் வேலையாகப் படம் எடுக்க வந்தார்கள். பின்னால் கோபுரம் வேண்டாம் என்றார் ஒருவர். புத்த விகாரை வரைந்த திரை இருக்கிறதா என்றார் இன்னொருவர். அது எதற்கு என்றார் மூன்றாமவர். நடுவில் யார் உட்காருவது என்பதில் வந்த தகராறில் ஒரு நாற்காலியின் கால் போயிற்று. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்துத் தீர்த்தேன். அந்தத் துணிக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

அன்றைக்குப் பார்த்து ஆண்டியப்பன் மகளுடைய கல்யாணப் படத்தை வாங்கிப்போக வந்திருந்தார். தோட்டத்து மக்கள் சார்பில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தலைவர் அவரைக் கூப்பிட்டு ஓரத்தில் நிறுத்தினார். உடனே செயலாளர் தலைவரின் காதைக் கடித்தார். இது இந்த நாட்டு மக்களுக்குள் சமாதானம் பண்ணுகிற கமிட்டி. இவருக்குப் பிரஜாவுரிமை இல்லையே. படம் பேப்பரில் வந்தால் கேள்வி வராதா? தலைவர் இருமினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, வெளிச்சம் மறைக்குது" என்றார். வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஆண்டியப்பன் என் பக்கத்தில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "சண்டைன்னா எங்களையும் மறக்காம சேத்துக்கிறாங்க. சமாதானம்னாத்தான் விட்டுர்றாங்க."

நெருங்கி உட்காருங்கள்

அறுபத்துநாலில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் டில்லியில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒரு பங்கு அங்கே, ஒரு பங்கு இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். கோழிக்குஞ்சு பங்கு போட்டாலும் கூடையைத் திறந்து ஒரு தடவை பார்ப்பார்கள். எங்களை யாரும் வந்து பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. யார் எந்தப் பங்கு என்று யாருக்கும் தெரியாது. தோட்டம் தோட்டமாக வதந்தி. மூத்தவன் அங்கே, இளையவன் இங்கே என்பார்கள். அம்மாவும் பிள்ளையும் வேறு வேறு கப்பல் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பன் குடும்பம் வந்து இறங்கியது. வலப்பனையில் கட்டிக்கொடுத்த மகள், மருமகன், இரண்டு மகன்கள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மாடி கொள்ளவில்லை. மீனாச்சிக்குத் தலை நரைத்திருந்தது. பின்னால் எந்தத் திரை வேண்டும் என்று கேட்டேன். எதுவாக இருந்தால் என்ன, ஆட்கள் தெரிந்தால் போதும் என்றாள். வழக்கம்போல ஆளுக்கு ஆள் சீராக இடம் விட்டு நிறுத்தினேன். அப்படி நின்றால்தான் படம் எடுப்பாக இருக்கும். மீனாச்சி எழுந்து வந்து ஒவ்வொருவராக இழுத்து, தோளோடு தோள் முட்ட நெருக்கி வைத்தாள். பேரனைத் தூக்கி மகனுக்கும் மருமகனுக்கும் நடுவில் திணித்தாள். பிள்ளைக்கு மூச்சு முட்டும், படமும் நன்றாக இருக்காது என்றேன். நெருக்கியது போதாதென்று ஆண்டியப்பனின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்: "நல்லா இல்லாட்டி பரவால்லீங்க மொதலாளி, நடுவுல எங்கயும் கத்தரி போக எடம் இருக்கக் கூடாது."

என் தொழிலில் நான் ஆயுசு பூராவும் எல்லோரிடமும் "அசையாமல் இருங்கள்" என்றுதான் கெஞ்சினேன், அவர்களும் இருந்தார்கள். டில்லியில் உட்கார்ந்து அவர்களைக் கிளம்பச் சொன்ன பெரிய மனிதர்கள்தான் அந்த முகங்களைப் பார்க்க ஒருவரும் என் மாடிப்படி ஏறவில்லை.