யாருமே படிக்காத இலவசப் புத்தகம்

ஒரு புத்தகத்தை யாராவது படித்தார்களா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளத்தை வாங்குகிறவள் நான். கேள்வித்தாளும் கையுமாக அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள். தேத்தண்ணியும் கொடுப்பார்கள்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி. அங்கே தமிழில் மின்னியல் படிக்கிற வகுப்பு ஒன்று. பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழில் பாடப்புத்தகம் இல்லாததால் சிங்களக் குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் சில ஆசிரியர்கள் சேர்ந்து தமிழில் ஒரு புத்தகம் எழுதி, யாரும் இலவசமாக எடுக்கலாம், கொப்பி பண்ணலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று இணையத்தில் போட்டார்கள். வந்தது முதல் பாகம் மட்டும். பாடத்திட்டத்தின் மறுபாதி இரண்டாம் பாகத்தில் வரவேண்டும். அதை எழுதுவதா கைவிடுவதா என்பது என் ஆய்வைப் பொறுத்தது. பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள் என்றால் வரும். இல்லையென்றால் கடைசிப் பரீட்சைக்கு மறுபடியும் சிங்களக் குறிப்புதான். முந்தைய வகுப்பில் நிறையப் பேர் அப்படித்தான் கோட்டை விட்டிருந்தார்கள்.

கணினி சொன்ன கணக்கு

புத்தகத்தை எங்கிருந்து எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பார்க்க ஒரு வசதி உண்டு. பார்த்தேன்.  அந்தக் கல்லூரிப் பக்கமிருந்து இறக்கியவர் ஒரே ஒருவர். புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவரான மெடம், மாதக் கடைசியில் நேரிலேயே வந்து முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் இந்த ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது?

அந்த ஒருவர் வகுப்பாசிரியர் ரவி சேராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, சரி, ஆசிரியராவது படித்தாரே என்ற ஆறுதலோடு அவரிடம் போனேன். தன் பழைய குறிப்புக் கட்டை அணைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நின்று சொன்னார்: “அது நானில்ல மிஸ். என் போன்ல இடமே இல்ல, மகளோட டான்ஸ் வீடியோவே நெறஞ்சி கெடக்கு.”

ஒரு வகுப்பே சொன்ன ‘இல்லை’

பிள்ளைகளிடம் கேட்டேன். ஒவ்வொருவராக ‘இல்லை’ என்றார்கள். தயங்காமல், ஒரே மாதிரி, ஒத்திகை பார்த்தது போல. எனக்குச் சந்தேகம் தட்டியது. புத்தகம் படிக்காதவன் ‘படிக்கல்ல’ என்று சொல்லும்போது கொஞ்சமாவது அசடு வழிவான். இவர்கள் யாரும் வழியவில்லை. “பயப்படாதீங்க, இலவசம்தான், எடுத்தால் குற்றமில்லை” என்று நான் சொல்லச் சொல்ல முகங்கள் இன்னும் இறுகின.

முன் வரிசையில் செல்வராணி. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருகிற பெண். ரவி சேர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறவள். இவளாவது வாய் திறப்பாள் என்று அவள் பக்கம் திரும்பினேன். என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “அப்படி ஒரு புத்தகம் இருக்குறதே நீங்க சொல்லித்தான் மிஸ் தெரியும்.”

அம்மாவுக்கு ஒத்திகை இல்லை

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பின்னேரம், ஒற்றைக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் தோட்டத்து வீடுகளில் ஒன்றான செல்வராணியின் லயத்துக்குப் போய் நின்றேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவளுடைய அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு, மகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் ஆசையில் கொட்டித் தீர்த்தார். செல்வராணி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள், இருமினாள், தேத்தண்ணி ஊற்றச் சொல்லி அம்மாவை உள்ளே தள்ளப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை.

“வந்ததுலயிருந்து அந்த பேப்பர் கட்ட வச்சிகிட்டேதாங்க கெடப்பா. கண்ணு போயிரும்னு சொன்னா கேக்குறாளா? ஏ புள்ள, மெத்தைக்கு கீழதான வச்ச, எடுத்து மிஸ்ஸுக்கு காட்டேன்!”

நிஸாம் நானாவின் சிக்கனம்

பஸ் நிற்கும் இடம் வரை செல்வராணி கூடவே வந்தாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று வழியெல்லாம் கெஞ்சினாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. லயத்துப் பக்கம் சிக்னல் கிடையாது. வகுப்பில் ஒருவர் இறக்கியதைப் போனுக்குப் போன் மாற்றிக்கொண்டார்கள். போன் இல்லாதவர்களுக்கு நகரத்தில் நிஸாம் நானாவின் போட்டோகொப்பி கடை. கணினியின் கண்ணில் ஒருவர். கையில் வைத்திருந்ததோ வகுப்பு முழுவதும். ஆனால் முந்தைய வருடம், விலைக்கு விற்கிற ஒரு புத்தகத்தைக் கொப்பி எடுத்ததற்காக வேறொரு கடையின் இயந்திரத்தையே பொலிஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிள்ளைகள் சிலரைக் கல்லூரி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டு மௌனம். அவர்களுக்கு நல்லது செய்ய வந்த நான், அவர்கள் கண்ணில் ஆளைப் பிடித்துக் கொடுக்க வந்தவள்.

மறுநாளே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் நிஸாம் நானா ஒரு பேப்பர் கட்டைக் கடித உறைப் பெட்டிக்குப் பின்னால் நகர்த்தினார். மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் ஒன்று தெரிந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தை அவர் பிரதி எடுப்பதேயில்லை. படமுமில்லை, பாடமுமில்லை, பிள்ளைகளுக்கு ஏன் வீண் செலவு என்ற நல்லெண்ணம். யாரும் கொப்பி பண்ணலாம் என்ற அனுமதி அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தது! போனில் போட்டுக்கொண்டவர்களும் நேரே பாடத்துக்குத்தான் போயிருப்பார்கள்; நாமெல்லாம் செய்வதுதானே. என் போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஆற அமர வாசித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்: “சும்மா எடுத்துக்கன்னு எழுதி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் மிஸ் நான் கூடுதலா பயப்படுறது.”

மெடம் வந்த நாள்

மெடத்திடம் நான் சொன்னால் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். கல்லூரி நிர்வாகம் அந்த முதல் பக்கத்தை வாசிக்கும்வரை பொறுமையாக இருக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. சொல்லாவிட்டால் இரண்டாம் பாகம் செத்தது. இந்த யோசனையிலேயே மெடம் வந்து வகுப்பில் நின்றுவிட்டார். “எங்க புத்தகத்தப் படிச்சவங்க கை உயர்த்துங்க” என்றார். ஒரு கைகூட எழவில்லை. மெடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பையை மூடத் தொடங்கினார். 

போகிற போக்கில் கேட்பவர் போல, மாடிப்படி விளக்குக்கு வயர் போடும் படத்தை வரையச் சொன்னார். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் விளக்கு. செல்வராணி போய்க் கரும்பலகையில் சரசரவென்று வரைந்தாள். மெடத்தின் முகம் மாறியது. மற்றவர்களையும் நோட்டுக் கொப்பியில் வரையச் சொல்லி, மேசை மேசையாக நடந்தார். எல்லோரும் அதே படம். எல்லோரும் அதே பிழை. மின்சாரம் கொண்டுவரும் வயர் நேரே விளக்குக்குப் போயிருந்தது; சுவிட்சுகள் திரும்பிப் போகும் வயரில் இருந்தன. அப்படிப் போட்டால் சுவிட்சை அணைத்தாலும் விளக்கில் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றுகிறவர் கதி அவ்வளவுதான். ரவி சேருக்கு வியர்த்துவிட்டது. “நான் இன்னும் அந்தப் பாடத்துக்கே வரல்லீங்க மெடம்” என்றார்.

“அப்ப இந்தப் படத்த எங்க பார்த்தீங்க?” மெடம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். செல்வராணி சோக்குக் கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: “நான்தான் மெடம் கொண்டாந்தேன். மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கொப்பி கடைக்காரவங்களுக்கும் தெரியாது. நிறுத்துறதுன்னா என்னய மட்டும் நிறுத்துங்க.” அழாமல் சொன்னாள், எனக்குத்தான் கண் கலங்கியது. மெடம் முன் வரிசைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“பிள்ள, இந்தப் பிழைய வரைஞ்சதே நான்தான்.”

கடைசியாக ஒரு பயம்

இணையத்தில் போட்ட கொஞ்ச நாளிலேயே மெடம் அந்தப் படத்தைத் திருத்தியிருக்கிறார். ஆனால் இவர்கள் கையிலிருந்தது அதற்கு முன்பே இறக்கிய பிரதி. படிக்காத வகுப்பு முழுவதும் ஒரே பிழையை எப்படி வரையும்? இரண்டாம் பாகம் வரும் என்று அந்த இடத்திலேயே சொன்னார். கொப்பி எடுத்ததற்கு யாரையும் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று கல்லூரிக்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு தானே கரும்பலகையை அழித்துச் சரியான படத்தை வரைந்தார். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சோக்கைக் கையில் பிடித்தபடி, “உண்மையச் சொல்லுங்க, இந்தப் படத்தப் பார்த்து யாராவது வீட்டுல வயர் போட்டீங்களா?” என்று கேட்டார். 

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. செல்வராணிதான் பதில் சொன்னாள். கோபமாக இல்லை, அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி: “பயப்படாதீங்க மெடம், லயத்துல ஏது மாடிப்படி?”

ஆய்வறிக்கையில் ‘பயன்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வகுப்பே சேர்ந்து செய்த பிழையை எழுதிக் கொடுத்து, அதற்குப் பாராட்டும் வாங்கிய ஆள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.