வரப்பை ஒட்டி விழுந்த கோடு

எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆனையூரில் ஒரு மாடி அறை. ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் தனியாக நடத்தினார். நான் அவரிடம் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடத்துக்கென்று இருக்கும் சாஃப்ட்வேரை வாங்க அவருக்கு மனசு வரவில்லை. "எக்செல் இருக்குல்ல, அதுலயே போடுங்க" என்றுவிட்டார்.

எக்செலில் நிலம் வரைவது பெரிய வித்தை இல்லை. ஒரு மூலைக்கு ஒரு வரிசை: கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர். ஸ்கேட்டர் சார்ட்டில் கோடு உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தால், அடித்த வரிசைப்படியே புள்ளிகளை இணைத்துக்கொண்டு போகும். கடைசியில் முதல் மூலையை மறுபடி அடித்தால் வடிவம் மூடிக்கொள்ளும். அடுத்த நிலத்துக்குப் போகும் முன் ஒரு வரிசையைக் காலியாக விட வேண்டும். விடாவிட்டால் இந்த நிலத்திலிருந்து அந்த நிலத்துக்கு ஒரு கோட்டை இழுத்துவிடும். மெஷினுக்கு யார் நிலம் எது என்று தெரியாது.

அந்தக் காலி வரிசையைத்தான் ஒருமுறை மறந்தேன்.

அலங்காநல்லூர் பக்கத்து நிலம். அண்ணன், தங்கச்சி, தம்பி மூவரின் பாகப்பிரிவினை. ரோட்டை ஒட்டிய துண்டு அண்ணன் பெரியகருப்பனுக்கு. கிழக்கே ஒரு வண்டிப்பாதை வந்து முடிகிற நடுத்துண்டு தம்பி முத்துராசுவுக்கு. கடைசித் துண்டு தங்கம்மாளுக்கு. புருஷன் இல்லாதவர், அந்த நிலத்தை நம்பித்தான் பிழைப்பு. நான் வயது வரிசையில் அடித்தேன்: அண்ணன், தங்கச்சி, தம்பி. அண்ணன் நிலத்துக்கும் தங்கச்சி நிலத்துக்கும் இடையில் வரிசை விடவில்லை.

மூவரும் வந்தார்கள். மறுநாள் பத்திரம் எழுதப் போகிறார்கள். பிரிண்ட்டை மேஜையில் விரித்தேன். ரோட்டோர மூலையிலிருந்து மேற்கு வரப்பை ஒட்டினாற்போல, அண்ணன், தம்பி இருவர் நிலத்துக்குள்ளும், தங்கம்மாள் நிலம்வரை ஒரு கோடு ஓடியது.

"இது என்ன கோடு?" என்றார் பெரியகருப்பன்.

நான் வாய் திறப்பதற்குள் தங்கம்மாள் சொன்னார்: "பாதைண்ணே. எனக்குப் போக வர."

"என் நெலத்துல அம்புட்டு எடம் போயிருமே" என்று முனகினார் முத்துராசு.

"கம்ப்யூட்டரே போட்டுருச்சு. அளந்துதானடா போட்டுருக்கும்? அவளும் எப்புடிப் போவா, பறந்தா போவா?" என்றார் பெரியகருப்பன்.

முத்துராசு அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் முதலாளி நிற்கிறார். "அது பாதை இல்லைங்க. நான் ஒரு வரிசையை விடாம அடிச்சிட்டேன், என் தப்பு" என்று சொல்லி, காலி வரிசையைச் சேர்த்தேன். கோடு போய்விட்டது. புதிய பிரிண்ட் வந்தது.

"அதான பாத்தேன்" என்றார் முத்துராசு. அவர் குரலே மாறியிருந்தது. பெரியகருப்பன் புதிய பிரிண்ட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

மாடிப்படி இறங்கும்போது தங்கம்மாள் மட்டும் திரும்பி வந்தார். "அந்தக் கோடு அங்ஙனயே கெடந்தா ஒங்களுக்கு என்ன சார் கொறஞ்சு போகுது?"

முதலாளி என் தோளில் தட்டி, "நல்ல வேளை, கவனிச்சீங்க" என்றார். பாராட்டு எனக்கு ஒட்டவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து முத்துராசு மட்டும் வந்தார். தன் துண்டையும் தங்கம்மாள் துண்டையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்து தரச் சொன்னார். அக்கா எங்கே என்று கேட்டேன். "நெலத்த எனக்கே குடுத்துருச்சு சார். பாத இல்லாத எடத்த வேற யாரு வாங்குவா? திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு." தங்கம்மாளின் மூலைகளை நானே ஒவ்வொன்றாக அழித்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தப்பைத் திருத்தத்தான் வேண்டும். பொய்க்கோட்டை வைத்துப் பத்திரம் எழுத விட முடியாது. ஆனால் திருத்திய கையோடு, "பாதைக்கு ரெண்டு பேரும் இப்பத்தான சம்மதிச்சீங்க, அப்படியே எழுதிரலாமா?" என்று நான் கேட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் அவர்கள் மனம் இளகித்தான் இருந்தது. எனக்கு என் தப்பு மறைந்தால் போதும் என்றிருந்தது. தங்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.